கண்ணாடித் தொட்டியில் ஒரு காளை

“டிரம்முல இருந்த தண்ணிய எவ எடுத்தது?”

அந்த வீட்டில் இருப்பதே ஒரே ஒரு பெண்பிள்ளை. அதனால் நல்லகாமன் போட்ட சத்தத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி நாகஜோதி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“நான்தேன் எடுத்தேன். வீடு கழுவ வேணாமா? எந்தம்பி வாரான்ல.”

“அடிப்பாவி! அது கொம்பனுக்கு வச்சிருந்த தண்ணி!”

“தண்ணியில பேரு எழுதியா வச்சிருக்கீக? டிரம்முல கெடந்துச்சு, எடுத்துக் கழுவுனேன். தரை எப்புடி இருக்குன்னு பாருங்க.”

தரை பளிச்சென்றுதான் இருந்தது. நல்லகாமன் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. காலி டிரம்முக்குள் தலையை விட்டு, அடியில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்து விடுகிறார்கள். மனிதர் குடிக்கலாம், மீன் தாங்காது. அதற்காக வாரா வாரம் வெள்ளிக்கிழமையே டிரம்மில் பிடித்து, மூடாமல் வைத்து, மருந்து வாடை போகவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் கால்வாசித் தண்ணீரை இறக்கிவிட்டு இதை ஊற்றுவார். கல்யாணம், கருமாதி, காய்ச்சல் எது வந்தாலும் இது மட்டும் நின்றது கிடையாது. செல்லூரில் விசைத்தறி பழுதுபார்ப்பவர்களில் நல்லகாமன் பெரிய கை. அவர் வந்து ஒரு தட்டுத் தட்டினால் ஓடாத தறியும் ஓடும் என்பார்கள். ஆனால் அவரிடம் தறியைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவார். மீனைப் பற்றிக் கேட்டுவிட்டால் கேட்டவன் அன்றைக்கு வேலைக்குப் போனமாதிரிதான்.

மீன் என்றால் சாதாரண மீன் இல்லை. பிளவர்ஹார்ன். உடம்பெல்லாம் செவ்வரளி நிறம், பக்கவாட்டில் மை சிந்தியது மாதிரி கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் ஒரு மேடு. அந்த மேட்டைப் பார்த்த உடனேதான் நல்லகாமன் கடையில் சொக்கிப்போய் நின்றார். மீன் கடைக்காரன் மருதுவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, இந்தத் திமிலு இன்னும் ஏறுமா?”

“எல்லாம் தண்ணியிலதேண்ணே இருக்கு” என்றான் மருது. “வாராவாரம் தவறாம தண்ணிய மாத்துங்க. திமிலு தானா ஏறும்.”

அன்றைக்குப் பிடித்தது மீன் பைத்தியம். கண்ணாடித் தொட்டி வந்தது. உள்ளே போட்ட கூழாங்கற்களை மீன் வாயால் கவ்விக் கவ்வி எறிந்ததால், அடுப்படி மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றும் உள்ளே போனது. கொம்பன் என்று பெயர் வைத்தார். மாட்டுப் பொங்கலன்று தொட்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, “பொங்கலோ பொங்கல்” என்று தாம்பாளத்தைத் தட்டிய தட்டில் எதிர்வீட்டுக்காரர் பயந்து வெளியே வந்துவிட்டார். விரலைக் கண்ணாடியில் வைத்தால் கொம்பன் பாய்ந்து வந்து முட்டுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நல்லகாமனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும்.

திமில் மட்டும் மருது சொன்ன அளவுக்கு ஏறவில்லை. நல்லகாமன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். “போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல” என்பார். நாகஜோதிக்கு எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

ஒரு மனிதன் செல்லூர்ச் சந்துக்குள், மீனுக்குத் திமில் ஏற்றப் பாடுபடுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் அழகுபாண்டி.

அழகுபாண்டி நாகஜோதியின் தம்பி. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம். அவனிடம் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை இருந்தது. வாடிவாசலைத் தாண்டி அது குதித்துவிட்டால் திமிலைப் பிடித்து அணைய ஆள் கிடையாது. சைக்கிள், பீரோ, அண்டா, கட்டில் என்று அது வாங்கி வந்த பரிசுகளால் அவன் வீட்டில் மனிதர் நடக்க இடம் இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி தானாக வந்து விழும். நல்லகாமன் அக்காள் புருஷன், மூத்தவர். அவருக்கு நாற்காலி வந்ததே இல்லை.

போன மாதம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். பந்தி ஆரம்பிக்கும் நேரம். அழகுபாண்டி நாற்காலியில் சாய்ந்தபடி, ஒரு ஜக்கை எடுத்து நல்லகாமனிடம் நீட்டினான்.

“மாமா, செத்த பந்திக்குத் தண்ணி ஊத்துங்க. வாராவாரம் தண்ணி மாத்துற ஆளு, ஒங்களுக்குக் கைவந்த சோலிதான.”

பந்தியே சிரித்தது. நல்லகாமன் ஜக்கை வாங்கி ஊற்றிக்கொண்டே போனார். கடைசி இலைக்கு வரும்போது உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது.

“எங்க வீட்லயும் ஒரு காளை நிக்கிது மாப்ள. வந்து தொட்டுட்டுப் போ, பாப்போம்!”

“வாரேன் மாமா. ஆளுகளோடவே வாரேன்” என்றான் அழகுபாண்டி.

அந்த ஆளுகளோடு அவன் வரும் ஞாயிற்றுக்கிழமை இதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். கறி வாங்கியாயிற்று, மசால் அரைத்தாயிற்று. கொம்பன் மட்டும் நேற்றிலிருந்து சரியில்லை.

தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு வேறு உப்பியிருந்தது. கூழாங்கற்களை எல்லாம் வாரித் தொட்டியின் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த கிரானைட் துண்டை முகத்தால் தேய்த்தபடி கிடந்தான். நல்லகாமன் விரலைக் கண்ணாடியில் வைத்தார். முட்ட வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருதுவுக்குப் போன் போட்டார். மருது எங்கோ ஒரு கெடாவெட்டில் இருந்தான். பின்னால் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

“தம்பி, தீனி எடுக்க மாட்டேங்கிறான்! முட்டவும் மாட்டேங்கிறான்!”

“தண்ணிய மாத்துங்கண்ணே!” என்று கத்திவிட்டு மருது வைத்துவிட்டான்.

எந்தத் தண்ணீரை மாற்றுவது? வைத்திருந்த தண்ணீர்தான் தரையில் பளபளத்துக்கொண்டிருக்கிறதே. குழாயில் அடுத்து எப்போது வரும் என்று கேட்டால், அது வரும்போது தெரியும் என்பார்கள். நல்லகாமன் வாளியைத் தூக்கிக்கொண்டு தெரு அடிபம்புக்கு ஓடினார். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், அவ்வளவு உப்பு. அவசரத்துக்கு அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. அடித்து நிரப்பிக்கொண்டு வந்தார். டியூபைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, முதல் மடக்கைத் துப்பிவிட்டுக் கால்வாசியை இறக்கினார். புதியதை ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் கொம்பன் உடம்பில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஏறின.

“ஏங்க, மீனு கறுத்துப்போச்சு?” என்றாள் நாகஜோதி, கரண்டியும் கையுமாக.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா!”

மறுபடியும் மருது. மறுபடியும் கொட்டு.

“தம்பி, அடிபம்புத் தண்ணி ஊத்துனேன், கறுத்துப்போச்சு!”

“அடிபம்பா? அய்யய்யோ! எறக்குங்கண்ணே, எறக்குங்க! நல்ல தண்ணி ஊத்துங்க!”

நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர்தான் என்று நல்லகாமனே முடிவு செய்துகொண்டார். டியூபைத் தொட்டியில் போட்டு, உறிஞ்சி, வாளிக்குள் விட்டுவிட்டு, அது இறங்குவதற்குள் வந்துவிடலாம் என்று முக்குக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் சில்லறை இல்லை என்றார். அப்புறம் கேன் அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் என்பது ஐஸ் பெட்டியை ஒட்டின பக்கம். கேனைத் தோளில் ஏற்றியதும் கழுத்து விறைத்தது. அப்படியே ஓடி வந்தார்.

வாசலிலேயே தண்ணீர் அவரை எதிர்கொண்டு வந்தது.

வாளி எப்போதோ நிறைந்து, வழிந்து, கழுவித் துடைத்த முன்னறை முழுக்கப் பரவி, மைத்துனனுக்காக விரித்த புதுப் பாயை நனைத்து, படியிறங்கித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாகஜோதி அடுப்படியில் மிக்ஸி போட்டுக்கொண்டிருந்ததில் எதுவும் கேட்டிருக்கவில்லை. தொட்டியில் மிச்சம் இருந்த தண்ணீரில் கொம்பனின் முதுகு வெளியே தெரிந்தது.

“அய்யோ, எம்புள்ள!” என்று அலறி டியூபைப் பிடுங்கினார் நல்லகாமன்.

அலறல் கேட்டு ஓடி வந்த நாகஜோதி பாயைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை.

கேன் தண்ணீர் முழுதும் உள்ளே போனது. சில்லென்ற தண்ணீர் பட்டதும் கொம்பன் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தான். ஆனால் அந்தத் தொட்டிக்கு ஒரு கேன் எந்த மூலைக்கு? பாதிகூட நிறையவில்லை. நல்லகாமன் தலையில் கைவைத்து ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உக்காந்தா ஆச்சா?” என்றாள் நாகஜோதி. கோபம் இருந்தாலும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காதுகுத்துப் பந்தியில் அவர் ஜக்கை வாங்கிய முகம் அவளுக்கும் மறக்கவில்லை. “கொல்லைப்பக்கம் போயி பாண்டியம்மாகிட்ட கேளுங்க. அவ வீட்ல எந்நேரமும் தண்ணி இருக்கும்.”

பாண்டியம்மாள் பின்வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் கொம்பனின் பழைய தண்ணீரைக் கொல்லை வழியாக வந்து எடுத்துக்கொண்டு போவாள். மாடியில் பெயிண்ட் வாளிகளில் அவள் வைத்திருக்கும் மல்லிகைக்கு அந்தத் தண்ணீர்தான் உரம். இப்போது அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, வீட்டில் இருந்தாள்.

நல்லகாமன் போனபோது பாண்டியம்மாள் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்கண்ணே. மக இப்பத்தேன் கண்ணசந்தா. பச்ச ஒடம்பு, ராவெல்லாம் தூக்கமில்ல.”

“தாயி, எனக்குக் கொஞ்சம் நல்ல தண்ணி வேணும். கொம்பன் சாகக் கெடக்கான்.”

“தண்ணியா? மகளுக்குக் காய்ச்சி ஆறவச்சதுதேன் அண்டாவுல இருக்கு. வேணும்னா கொண்டுக்கிட்டுப் போங்க. நான் திரும்பக் காச்சிக்கிறேன்.”

காய்ச்சி ஆறின தண்ணீர்! மருந்து வாடை இருக்காது, குடிக்கிற தண்ணீர் என்பதால் உப்பும் இருக்காது. நல்லகாமனுக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

“பழைய தண்ணிய வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. பெறகு வந்து எடுத்துக்கிறேன்” என்றாள். “ஒங்க வீட்டுக்கு ஆளுக வாரதாச் சொன்னாங்க. சத்தம் மட்டும் போட்டுறாதீங்கண்ணே.”

“மூச்சுக்கூட விட மாட்டோம் தாயி.”

பிள்ளை பெற்றவளுக்கு வைத்த தண்ணீர் குடம் குடமாகக் கொம்பன் தொட்டிக்குள் போனது. தொட்டி நிறைந்தது. நிறைந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. கலங்கலுக்குள் கொம்பன் அந்தக் கிரானைட் துண்டின் மேல் வயிற்றை வைத்து உடம்பெல்லாம் நடுங்கியபடி மெல்ல மெல்ல ஊர்ந்தான். மறுபடி திரும்பி வந்தான். மறுபடி ஊர்ந்தான். அதற்குமேல் பார்க்க நல்லகாமனால் முடியவில்லை. வலிப்பு என்றே முடிவு கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைத் துடைக்கத் தொடங்கினார். துணி பிழியும்போது அவர் கண்ணும் சேர்ந்து பிழிந்துகொண்டது.

“போனாப் போகுதுங்க” என்றாள் நாகஜோதி பக்கத்தில் குந்தி. “மீனுதான.”

“ஒனக்கு மீனு. அவன் இருக்கான்னுதான் வாயத் தொறந்து நாலு பேருகிட்டப் பேசுறேன். இன்னைக்கு அவன் முட்டலேன்னா, இனிமே ஆயுசுக்கும் ஒங்க ஊருல எனக்கு ஜக்குதேன்.”

தெருவில் ஆரன் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது.

அழகுபாண்டி வெள்ளை வேட்டி, தோளில் பட்டுக்கரைத் துண்டோடு இறங்கினான். பின்னால் அவன் சேக்காளிகள். அதில் ஒருவன் முத்திருளன். சுற்றுவட்டார ஜல்லிக்கட்டுக்கெல்லாம் மைக் பிடிக்கிறவன். சும்மா பேசினாலே ஒலிபெருக்கி வைத்த மாதிரி இருக்கும்.

“வாங்க மாப்ள. முதல்ல சாப்பிடலாம்” என்றார் நல்லகாமன்.

“சாப்பாடு எங்கிட்டுப் போகுது மாமா? முதல்ல காளைய அவுத்து விடுங்க!”

எல்லோரும் தொட்டி முன்னால் கூடினார்கள். கொம்பன் பக்கவாட்டு மூலையில், கிரானைட் துண்டை மறைத்தபடி முதுகைக் காட்டி நின்றான். அழகுபாண்டி கண்ணாடியைத் தட்டினான். ஒன்றும் இல்லை. விரலை வைத்துத் தேய்த்தான். ஒன்றும் இல்லை.

“என்ன மாமா இது? புதுப்பொண்ணு கணக்கா மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிது?”

சேக்காளிகள் சிரித்தார்கள்.

“நேத்துலயிருந்து ஒடம்பு சரியில்ல மாப்ள.”

“அதான பாத்தேன். வயிறு ஒட்டிக் கெடக்கே. தீனி எடுக்கலயா?”

நல்லகாமன் அப்போதுதான் கவனித்தார். காலையில் உப்பியிருந்த வயிறு இப்போது ஒட்டித்தான் கிடந்தது. அவர் வயிறும் ஒட்டிக்கொண்டது.

“மாடுன்னா மெளகு, வெத்தல, பூண்டு வச்சு இடிச்சு உருட்டிக் குடுப்போம். இதுக்கு வாய் எங்க இருக்குன்னே தெரியலையே மாமா” என்றான் அழகுபாண்டி. பிறகு பெரிய மனது பண்ணி, “கலரு நல்லாருக்கு. ஒங்களுக்கும் பொழுது போகணும்ல” என்று தோளில் தட்டினான்.

அந்தத் தட்டைத்தான் நல்லகாமனால் தாங்க முடியவில்லை. ஜக்கை நீட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், இந்த ஆறுதலைப் பொறுக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்தார். கல்லை எடுத்துவிட்டால் பயல் முன்னால் வந்துதானே ஆக வேண்டும்? அவன் அழகையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மேல்மூடியைத் திறந்து, கிரானைட் துண்டை நோக்கிக் கையை விட்டார்.

தண்ணீர் வெடித்தது.

கொம்பன் திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. துடுப்பெல்லாம் சிலிர்த்து, செவுளை விரித்து, வந்த வேகத்தில் நல்லகாமனின் புறங்கையைக் கவ்வி ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனான். கையை வெளியே எடுத்தார். ரத்தம் துளிர்த்திருந்தது.

“முட்டிட்டான்!” என்றார் நல்லகாமன். வலி எங்கே இருந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. “பாத்தீங்களாடா? முட்டிட்டான்!”

“யப்பே!” என்றான் முத்திருளன். அதற்குமேல் அவன் வாயை யாராலும் கட்ட முடியவில்லை. டீப்பாயில் இருந்த சொம்பை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தான். “செல்லூரு நல்லகாமன் மாடு வருதப்பா, நல்லகாமன் மாடு! தொட்டுப் பாரு! தொட்டுப் பாரு! கல்லத் தொடுறவனுக்கு அக்கா கையால ஒரு தட்டு கறிச்சோறு!”

முதல் சேக்காளி கையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான். இரண்டாவது ஆள் மெதுவாக, பூனை மாதிரி விரலை இறக்கினான். கொம்பன் அவன் மோதிரத்தோடு சேர்த்துக் கவ்வினான். “மாடு வெற்றி! மாடு வெற்றி!” என்று சொம்புக்குள் முழங்கினான் முத்திருளன். விசில் பறந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் வாசலில் கூடி எட்டிப் பார்த்தார்கள். மூச்சுக்கூட விடமாட்டோம் என்று கொடுத்த வாக்கு அந்த விசிலிலேயே பறந்துபோயிற்று.

“தள்ளுங்கடா” என்றான் அழகுபாண்டி. துண்டை இடுப்பில் இறுக்கினான். “மாடு பழகுன கை இது.”

மாடு பழகின கை தண்ணீருக்குள் இறங்கியது. கொம்பன் ஒதுங்கி நின்று பார்த்தான். கை கல்லை நெருங்கும்வரை விட்டான். நெருங்கியதும் அம்புபோலப் பாய்ந்து நடுவிரலைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. “ஆத்தா!” என்று அலறி அழகுபாண்டி கையை உதறிப் பின்னால் எட்டு வைத்தான். காலையிலிருந்து தண்ணீரில் ஊறிய தரை வழுக்கியது. பழைய தண்ணீர் நிறைந்திருந்த வாளிக்குள் வேட்டியோடு போய் உட்கார்ந்தான்.

சேக்காளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு வாளிக்குள் இருந்தே அழகுபாண்டி சிரித்தான்.

அவனைக் குறை சொல்லக் கூடாது. மாடு வளர்க்கிறவன், வீரத்தைக் கண்டால் ஒப்புக்கொள்கிற வம்சம். எழுந்து வந்து, இடுப்பில் கட்டிய பட்டுக்கரைத் துண்டை அவிழ்த்து உதறி, தொட்டிக்குப் போடுவதா ஆளுக்குப் போடுவதா என்று யோசித்து, நல்லகாமன் தோளில் போட்டான்.

“மாமா, நான் ஒத்துக்கிறேன். இது காளைதேன். என் மாடு வெளிய நிக்கிது, ஒங்க மாடு தண்ணிக்குள்ள நிக்கிது, அம்புட்டுத்தேன் வித்தியாசம். அடுத்த விசேசத்துல எனக்குப் பக்கத்துல ஒங்களுக்கு நாற்காலி. தண்ணி ஊத்த வேற ஆளப் பாத்துக்கிறோம்.”

நல்லகாமன் துண்டைத் தடவிக்கொண்டார். அடுப்படி வாசலில் நின்ற நாகஜோதியைப் பார்த்தார். நனைந்த பாயையும் மறந்து அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் அவரை அப்படிப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“எல்லாம் தண்ணியிலதேன் இருக்கு மாப்ள. வாராவாரம் நான் மாத்துற தண்ணி! வாங்கும்போது குட்டியா இருந்தான். அப்பவே சொன்னேன், இவன் ஆம்பளச் சிங்கம்னு. என்னா தெனவு, என்னா ரோசம் பாத்தீகள்ல? ஆம்பளைன்னா இப்புடி இருக்கணும்!”

“நல்லகாமன் மாடு, ஆம்பள மாடு!” என்று முத்திருளன் சொம்புக்குள் கடைசியாக ஒரு முழக்கம் போட, விசில் கூரையைத் தூக்கியது.

அந்த விசிலுக்குக் கொல்லைப் பக்கம் பின்வீட்டில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. கொஞ்ச நேரத்தில் பாண்டியம்மாள் அடுப்படி வழியாகப் புயல்போல வந்தாள். வைவதற்கென்றே வந்தவள், வந்த இடம் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி. ஆண்கள் யாரும் இதுவரை நிற்காத பக்கம். கலங்கல் இப்போது தெளிந்திருந்தது. திறந்த வாயை மூடாமல் அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். கிரானைட் துண்டைப் பார்த்தாள், அதை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டு நின்ற கொம்பனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கடிபட்ட விரல்களை உதறிக்கொண்டு நின்ற அத்தனை பேரையும், தோளில் துண்டோடு நின்ற நல்லகாமனையும் பார்த்தாள்.

“ஏண்ணே, கல்லு பூராம் ஜவ்வரிசி கணக்கா முட்டையப் போட்டுட்டுப் பச்ச ஒடம்போட காவலுக்கு நிக்கிறா, அவகிட்டப் போயா இம்புட்டு ஆம்பளைகளும் சேந்து கைய நீட்டுனீக?”